கனடா பி.ஆர்.: கடைசிக் கேள்வி

விசா வந்தாயிற்று. வீட்டில் இனிப்பு கொடுத்தாயிற்று, அலுவலகத்தில் ராஜினாமா கடிதம் போயாயிற்று, சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் ‘பையன் கனடா பி.ஆர். வாங்கிட்டான்’ என்று மாமா ஒருவர் அறிவித்தும் விட்டார். மாமா அவசரப்பட்டுவிட்டார். பையன் கையில் இருப்பது பி.ஆர். அல்ல, பி.ஆர். ஆவதற்கான அனுமதித் தாள். சி.ஓ.பி.ஆர். என்று எல்லோரும் சொல்லும் அந்த உறுதிச் சான்றில், அதிகாரி தேதி போட்டுக் கையெழுத்திட வேண்டிய இடங்கள் இன்னும் காலியாகத்தான் இருக்கின்றன. அவை நிரம்பும் நிமிடத்தில்தான் ஒருவர் கனடாவின் நிரந்தரவாசி ஆகிறார். அதற்குப் பெயர் ‘லேண்டிங்’.

பெரும்பாலோர் இதை ஒரு சம்பிரதாயமாக நினைக்கிறார்கள். ஆங்கிலத் தேர்வு, படிப்புச் சான்றுகளின் மதிப்பீடு, போலீஸ் சான்று, மருத்துவப் பரிசோதனை, கைரேகை என்று வரிசையாகத் தாண்டி வந்தவருக்கு, கடைசியில் ஒரு கவுன்டரில் சிறிது நேரம் நிற்பது பெரிய விஷயமாகத் தெரியாதுதான். ஆனால், பின்னால் எந்த வக்கீலாலும் சுலபமாக அழிக்க முடியாத கோடு ஒன்று இந்த நடைமுறையில் விழுகிறது என்றால், அது இங்கேதான் விழுகிறது. நம் ஊரில் கல்யாணங்கள் நடக்கும் விதத்துக்கும் அந்தக் கோட்டுக்கும் அவ்வளவாக ஒத்துப்போவதில்லை. இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி அதைப் பற்றித்தான்.

முதலில் கவுன்டரைப் பார்த்துவிடுவோம்.

வெளிநாட்டிலிருந்து வருபவர் டொராண்டோவிலோ வான்கூவரிலோ விமானம் இறங்கி, வழக்கமான பாஸ்போர்ட் வரிசையைத் தாண்டியதும், குடிவரவுப் பிரிவுக்கு அனுப்பப்படுவார். அங்கே கேட்கப்படுவது கொஞ்சம்தான். எந்த நாட்டிலாவது குற்றவாளி என்று தீர்ப்பாகியிருக்கிறதா? கனடாவோ வேறு நாடோ உங்களுக்கு அனுமதி மறுத்ததுண்டா? உங்களைச் சார்ந்தவர்கள் எல்லோரையும் விண்ணப்பத்தில் சொல்லியிருக்கிறீர்களா? விண்ணப்பித்த பிறகு உங்கள் திருமண நிலையில் ஏதாவது மாற்றம் உண்டா? கையில் எவ்வளவு பணம்? எங்கே தங்கப் போகிறீர்கள், பி.ஆர். அட்டையை எந்த முகவரிக்கு அனுப்ப? அவ்வளவுதான். அதிகாரி கணினியில் தட்டுவார், தாளில் கையெழுத்து வாங்குவார். பக்கத்துக் கவுன்டரில் யாராவது மாணவர் படிப்பு அனுமதிக்காக நின்றுகொண்டிருப்பார். மேளதாளம் எதுவும் கிடையாது. உறுதிமொழி எடுப்பதெல்லாம் குடியுரிமை வாங்கும்போதுதான்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் பெயரையும் பிறந்த தேதியையும் எழுத்தெழுத்தாகச் சரிபார்ப்பது நல்லது. தமிழர்களுக்கு இது கூடுதல் வேலை. இனிஷியலோடு வாழ்ந்த நமக்குக் குடும்பப் பெயர் என்ற கட்டம் எப்போதுமே தலைவலி. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் அதைக் குடும்பப் பெயர் கட்டத்தில் எழுது, மற்றதைக் காலியாக விடு என்கிறது கனடா. அப்பா பெயரால் அழைக்கப்படுவதா, தன் பெயரே குலப்பெயராகிவிடுவதா என்ற இந்தக் குழப்பம் பிறகு வங்கி, பள்ளிக்கூடம், ஓட்டுநர் உரிமம் என்று எல்லா இடத்துக்கும் கூடவே வரும். பிழையோடு கையெழுத்தாகிவிட்டால் திருத்துவதற்குத் தனி விண்ணப்பம் போட வேண்டும், காத்திருக்க வேண்டும்.

சி.ஓ.பி.ஆருக்கு ஆயுளும் உண்டு. மருத்துவப் பரிசோதனை செய்து ஓராண்டு, அல்லது பாஸ்போர்ட் காலாவதியாகும் நாள், இரண்டில் எது முந்துகிறதோ அது. நீட்டித்துத் தர மாட்டார்கள். இந்த விதி எவ்வளவு கடுமையானது என்பது கொரோனா காலத்தில் தெரிந்தது. 2020 மார்ச் 18 அன்றோ அதற்கு முன்போ சான்று கிடைத்தவர்கள் மட்டும் பயணத் தடையிலிருந்து விலக்குப் பெற்றார்கள். மறுநாள் தேதி போட்ட தாளை வைத்திருந்தவர் வேலையை விட்டிருந்தாலும், வீட்டைக் காலி செய்திருந்தாலும் உள்ளே போக முடியவில்லை. தாள்களின் ஆயுள் வீட்டிலேயே முடிந்தது. செல்லுபடியாகும் சான்று வைத்திருக்கும் எல்லோரும் வரலாம் என்று அரசு சொன்னது 2021 ஜூன் 21-ல். அப்போது இந்தியாவிலிருந்து நேரடி விமானங்களுக்குத் தடை இருந்தது; ஏப்ரலில் போட்ட அந்தத் தடை செப்டம்பர் இறுதியில்தான் விலகியது. இடையில் கிளம்பியவர்கள் மூன்றாவது நாடு ஒன்றில் இறங்கி, அங்கே பரிசோதனை செய்துகொண்டு, சுற்றிவளைத்துப் போய்ச் சேர்ந்தார்கள்.

எழுத்தா, தாலியா?

இப்போது அந்தக் கேள்விக்கு வருவோம்: திருமண நிலையில் மாற்றம் உண்டா?

கனடாவின் குடிவரவு ஒழுங்குவிதி 51, நிரந்தரவாசி ஆகப்போகிறவர் மீது ஒரு கடமையைச் சுமத்துகிறது. விசா கொடுத்த பிறகு திருமண நிலையிலோ முக்கியமான வேறு எந்தத் தகவலிலோ மாற்றம் ஏற்பட்டிருந்தால், லேண்டிங் சமயத்தில் அவரே அதைச் சொல்லியாக வேண்டும். அதிகாரி கேட்டார், கேட்கவில்லை என்பது வேறு கதை. சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை ஒழுங்குவிதி 117(9)(d) சொல்கிறது. வக்கீல்கள் வட்டாரத்தில் மிகவும் அறியப்பட்ட எண் இது. நிரந்தரவாசி ஆனபோது ஒருவருக்கு மனைவியோ கணவரோ பிள்ளையோ இருந்து, அவர்களை அதிகாரிகள் பரிசோதிக்காமல் போயிருந்தால், பிற்காலத்தில் குடும்பப் பிரிவில் அவர்களை அவர் ஸ்பான்சர் செய்ய முடியாது. ஐந்து வருடம், பத்து வருடம் என்று இதற்குக் கெடு எதுவும் இல்லை. விண்ணப்பக் காலம் என்பது படிவம் அனுப்பிய நாளோடு முடிவதில்லை, லேண்டிங் கவுன்டர்வரை அது நீள்கிறது என்றுதான் நீதிமன்றங்கள் இந்த விதியைப் படித்திருக்கின்றன.

பிலிப்பைன்ஸிலிருந்து 1993-ல் வந்து இறங்கிய ஒரு தாய், கூட வந்த மகளைத் தவிர தன்னைச் சார்ந்தவர் யாரும் இல்லை என்று சொல்லியிருந்தார். ஊரில் தகப்பனிடம் வளர்ந்த இரண்டு மகன்கள் உண்டு. பிறகு குடியுரிமையும் பெற்று, மகன்களை அழைக்க விண்ணப்பித்தபோது இந்த விதி குறுக்கே நின்றது. வழக்கு ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றம்வரை போனது. 2005-ல் தீர்ப்பு: விதி செல்லும். குடும்பம் சேர்ந்து வாழும் உரிமை, குழந்தைகள் நலன் என்று வைக்கப்பட்ட வாதங்கள் எடுபடவில்லை. மனிதாபிமான அடிப்படையில் தனியாக விண்ணப்பிக்க வழி இருக்கிறதே என்று நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. வழி இருக்கிறதுதான். அது அதிகாரியின் மனத்தைப் பொறுத்த வழி.

பொய் சொன்னவருக்குத் தண்டனை, நமக்கென்ன என்று தோன்றலாம். நம் ஊரில் இது பொய்யே சொல்லாமல் நடக்கக்கூடியது.

யாழ்ப்பாணத்துக் குடும்பங்களில் ‘எழுத்து’ ஒரு நாள், கல்யாணம் வேறொரு நாள். பதிவாளர் முன்னிலையில் கையெழுத்துப் போட்டுவிட்டு, தாலி கட்டும் சடங்கை மாதக்கணக்கில் தள்ளிவைப்பது அங்கே சகஜம். அதுவரை பெண் தாய்வீட்டில்தான் இருப்பாள். ஊரும் அவளைக் கல்யாணமானவளாக நினைப்பதில்லை. ஆனால் சட்டப்படி எழுத்து அன்றைக்கே கல்யாணம் முடிந்துவிட்டது. எழுத்து முடிந்து, சடங்குக்கு முன் கனடாவில் போய் இறங்குகிற மாப்பிள்ளை, ‘இன்னும் கலியாணம் ஆகேல்லை’ என்று மனசாரச் சொல்லக்கூடும். அவர் அம்மாவைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்.

தமிழ்நாட்டில் இரண்டு பக்கமும் பள்ளம். பாஸ்போர்ட்டில் கணவர் பெயர் சேர்க்க, விசா வேலையை ஆரம்பிக்க என்று முதலில் பதிவுத் திருமணம் செய்துவிட்டு, மண்டபம் கிடைக்கும் முகூர்த்தத்தில் தாலி கட்டுபவர்கள் உண்டு. இதற்கு நேர்மாறாக, கோயிலில் தாலி கட்டிவிட்டு, ‘ரிஜிஸ்டர் பண்ணல, அதனால கணக்குல வராது’ என்று நம்புகிறவர்களும் உண்டு. கணக்கில் வரும். தமிழ்நாட்டில் 2009-ம் ஆண்டுச் சட்டப்படி எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்வது கட்டாயம்தான். அதற்காக, முறைப்படி நடந்த கல்யாணம் பதிவாகாததால் மட்டும் கல்யாணம் இல்லை என்று ஆகிவிடாது. புரோகிதர் இல்லாமல், உறவினர் நண்பர் முன்னிலையில் மாலை மாற்றிக்கொள்வதையே செல்லுபடியாகும் இந்துத் திருமணமாக ஏற்கும் சட்டத் திருத்தத்தை 1967-ல் கொண்டுவந்த மாநிலம் இது. திருமணம் நடந்த இடத்தின் சட்டப்படி அது செல்லுமா என்றுதான் கனடா முதலில் பார்க்கிறது. நிச்சயதார்த்தம் திருமணமாகாது. அதற்கு அப்பால் நடந்த எதையும் ‘சும்மா ஒரு சடங்கு’ என்று ஒதுக்குவது ஆபத்து.

விசாவுக்கும் லேண்டிங்குக்கும் நடுவே உள்ள இடைக்காலத்தில்தான் நம் வீடுகளில் அவசரமும் கூடுகிறது என்பது என் எண்ணம். பையனுக்கு விசா வந்துவிட்டது என்றவுடன் ஜாதகங்கள் வரத் தொடங்கும். போகிறதுக்குள்ளே முடித்துவிடலாம் என்று இரண்டு வீட்டாரும் நினைப்பார்கள். பெண் வீட்டுக்கு அது உத்தரவாதம், பையன் வீட்டுக்கு நிம்மதி. சட்டத்தின் கணக்கில் அதைவிடத் தவறான நேரம் கிடையாது. சி.ஓ.பி.ஆர். கையில் இருக்கும்போது கல்யாணம் நடந்தால், பயணத்துக்கு முன்பே குடிவரவுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். கோப்பை அவர்கள் மறுபடி திறப்பார்கள். கூடவே வந்தாலும் வராவிட்டாலும் மனைவிக்கும் மருத்துவப் பரிசோதனை, போலீஸ் சான்று எல்லாம் கேட்பார்கள். மாதங்கள் ஓடும். அதற்குப் பயந்து பேசாமல் போய் இறங்கிவிடுகிறவர்கள்தான் 117(9)(d)-யில் சிக்குகிறார்கள். இறங்கி, பி.ஆர். ஆகி, ஊருக்குத் திரும்பி வந்து கல்யாணம் செய்துகொண்டு, பிறகு கனடாவில் வசித்துக்கொண்டே மனைவியை ஸ்பான்சர் செய்தால் இந்தச் சிக்கலே இல்லை. ஒரு முகூர்த்தத்தைத் தள்ளிவைப்பதில் இருக்கிறது விஷயம்.

பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். சார்ந்திருக்கும் பிள்ளை என்று சேர்க்க 22 வயதுக்குள் இருக்க வேண்டும். அந்த வயது, பொதுவாக விண்ணப்பித்த நாளில் பூட்டப்பட்டுவிடுகிறது. பிறகு 23, 24 ஆனாலும் பரவாயில்லை. கல்யாணமாகாத நிலை மட்டும் அப்படிப் பூட்டப்படுவதில்லை. லேண்டிங் நாள்வரை அது தொடர வேண்டும். அப்பாவின் விசாவோடு போகவிருந்த மகள் இடையில் கல்யாணம் செய்துகொண்டால் அந்த விசாவில் அவளுக்கு இடம் இல்லை. முதன்மை விண்ணப்பதாரர் முதலில் இறங்க வேண்டும், அல்லது எல்லோரும் ஒன்றாக இறங்க வேண்டும். மனைவி மக்களை முன்னால் அனுப்பிவைக்க முடியாது. இடையில் குழந்தை பிறந்தாலும் சொல்ல வேண்டும். கர்ப்பிணிகளுக்கு மார்பு எக்ஸ்ரேயைப் பிரசவத்துக்குப் பிறகு தள்ளிவைக்கும் வசதி இருப்பதால், கோப்பு நிலுவையில் இருக்கும்போதே குழந்தை பிறப்பது அபூர்வமும் அல்ல.

விதி சிலருக்குக் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. 2019 செப்டம்பரில் முன்னோட்டமாக ஒரு திட்டம் வந்து, பிறகு நீட்டிக்கப்பட்டது. அகதியாக ஏற்கப்பட்டவர்கள், தாங்களே துணைவராகவோ பிள்ளையாகவோ ஸ்பான்சர் செய்யப்பட்டு வந்தவர்கள் ஆகியோர், அன்று சொல்லாமல் விட்ட குடும்பத்தாரை அழைக்க அதில் இடம் தரப்பட்டது. அன்றே சொல்லியிருந்தாலும் தங்கள் தகுதி பாதிக்கப்பட்டிருக்காது என்ற நிலையில் இருந்தவர்களுக்குத்தான் இது. புள்ளிகள் எடுத்துத் திறன்சார் பிரிவில் போன கணினிப் பொறியாளர்கள் அதில் சேர மாட்டார்கள். மறைத்தது திட்டமிட்ட பொய் என்று அதிகாரி முடிவுசெய்தாலோ, பிரச்சினை மனைவியோடு நிற்காது. தவறான தகவல் தந்ததற்காக வந்தவரின் வசிப்புரிமையே கேள்விக்குள்ளாகும். வெளியேற்றமும் 5 ஆண்டுத் தடையும் குடிவரவுச் சட்டத்தில் இருக்கின்றன. பத்து வருடம் கழித்துக்கூட அந்தக் கோப்பை எடுப்பார்கள்.

நகைப் பட்டியல்

கவுன்டரில் இருந்து நகர்ந்தால் சுங்கம். இங்கே ஒரு காகிதத்தைச் சரியாகக் கொடுத்தால் பின்னால் கணிசமான பணம் மிச்சம். முதல் முறையாகக் குடியேற வருபவர், தான் சொந்தமாக வைத்திருந்து பயன்படுத்திய பொருள்களை வரியில்லாமல் கொண்டுவரலாம். இன்று கூட வருபவை ஒரு பட்டியல், பிறகு வரப்போகிறவை இன்னொரு பட்டியல். இரண்டாவது பட்டியலில் இன்று எழுதாத பொருள், நாளை கப்பலில் வந்தால் புதிதாக இறக்குமதியானதாகவே கருதப்படும்.

மிக்ஸி, கிரைண்டர், இட்லிப் பாத்திரம் எல்லாம் பெரிய மதிப்பில்லை. நகைதான் விஷயம். தனியொரு பொருளின் மதிப்பு 10,000 கனடிய டாலரைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு வரி உண்டு. ஒரு நல்ல ஆரத்துக்கோ ஒட்டியாணத்துக்கோ இன்றைய தங்க விலையில் அந்த வரம்பு அருகிலேயே இருக்கிறது. நகையை வார்த்தையில் வர்ணிப்பது கஷ்டம் என்பது அந்த ஊர்ச் சுங்கத் துறைக்கும் தெரியும். ஆகவே நகைக் கடைக்காரரின் மதிப்பீட்டுச் சான்று, தேதியும் கையெழுத்தும் போட்ட புகைப்படங்கள் ஆகியவற்றை வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். பாட்டியின் அட்டிகைக்கு எந்தக் கடைக்காரரிடம் சான்று வாங்குவது என்று வீட்டில் நடக்கும் விவாதத்தை நான் விவரிக்க வேண்டியதில்லை. லாக்கரில் விட்டுவிட்டுப் போகிற நகையையும் பட்டியலில் எழுதிவிடுவதுதான் புத்திசாலித்தனம். என்றாவது மகள் கல்யாணத்துக்கு எடுத்துப்போகும்போது அந்தத் தாள் பேசும். வரியில்லாமல் கொண்டுபோன பொருளை முதல் 12 மாதங்களுக்குள் விற்றாலோ வேறொருவருக்குக் கொடுத்தாலோ வரி கட்ட வேண்டிவரும் என்பதையும் சேர்த்து நினைவில் வைக்கலாம். பணமாக 10,000 டாலரோ அதற்கு மேலோ இருந்தால் அறிவிக்க வேண்டும். அறிவித்தால் வரி இல்லை, மறைத்தால் பறிமுதல்.

பாலத்தைச் சுற்றி வந்தவர்கள்

விமானத்தில் வந்து இறங்குபவர்கள் ஒரு பக்கம். ஏற்கெனவே கனடாவில் படித்து, வேலை பார்த்துக்கொண்டே பி.ஆர். பெறுகிறவர்கள் இன்று ஏராளம். நாட்டுக்குள்ளேயே இருப்பவர் எப்படி வந்து இறங்குவது? முன்பு, உள்ளூர் குடிவரவு அலுவலகத்தின் அழைப்புக்காகக் காத்திருக்க வேண்டும். பொறுமையில்லாதவர்கள் வேறொன்று செய்தார்கள். காரை எடுத்துக்கொண்டு நயாகரா அருவிப் பக்கத்து ரெயின்போ பாலத்துக்கோ, ஃபோர்ட் ஈரியில் பீஸ் பாலத்துக்கோ போவார்கள். பாலத்தைத் தாண்டி அமெரிக்கப் பக்கம் போய், ‘உள்ளே வரவில்லை, திரும்பிப் போகத்தான் வந்தேன்’ என்று சொல்வார்கள். அமெரிக்க அதிகாரி ஒரு தாளைக் கொடுத்துத் திருப்பி அனுப்புவார். கனடாப் பக்கம் திரும்பி வந்ததும் ‘வந்து சேர்ந்தவர்’ ஆகிவிடுவார்கள். கொடிக்கம்பத்தைச் சுற்றிவிட்டு வருவது என்ற பொருளில் இதை ‘ஃப்ளாக்போலிங்’ என்பார்கள். கேட்பதற்கு வேடிக்கையாக இருந்தாலும் முழுக்கச் சட்டபூர்வமாகத்தான் இருந்தது. காலையில் போனால் மதியத்துக்குள் முடிந்துவிடும் என்பதால், வேலை அனுமதி புதுப்பிப்பவர்களும் மாணவர்களும்கூட இதே பாலங்களில் வரிசை கட்டினார்கள்.

இரண்டு நாட்டு அதிகாரிகளுக்கும் இது எரிச்சல். 2023 ஏப்ரல் முதல் 2024 மார்ச் வரையிலான ஓராண்டில் மட்டும் ஏறக்குறைய 69,300 பேர் இப்படிச் சுற்றிவந்தார்கள் என்று கனடா எல்லைச் சேவை அமைப்பு கணக்குச் சொன்னது. வேலை, படிப்பு அனுமதிகளுக்கு இந்தச் சுற்று 2024 டிசம்பர் 23-ம் தேதி நள்ளிரவோடு நிறுத்தப்பட்டது.

பி.ஆருக்கோ அதற்குள் இணைய வாசல் வந்துவிட்டிருந்தது. எல்லைகள் மூடிக்கிடந்த கொரோனா நாள்களில், உள்ளூரில் இருப்பவர்களுக்காகத் தொடங்கிய ஏற்பாடு அது. முதலில் ஒரு மின்னஞ்சல் வரும்: கனடாவுக்குள் இருக்கிறீர்களா, முகவரி என்ன? பிறகு இன்னொரு மின்னஞ்சலில் இணையதளத்துக்குள் நுழைவதற்கான தகவல். உள்ளே போய் அறிவிப்புகளை உறுதிசெய்து, அட்டைக்கான புகைப்படத்தை ஏற்றினால், சில நாளில் மின்னணுச் சான்று வந்து நிற்கும். அந்தச் சான்றில் இருக்கும் தேதியில் அவர் நிரந்தரவாசி ஆகிவிட்டார். அலுவலகத்தில் மதிய இடைவேளையில் போனைப் பார்த்துத் தெரிந்துகொண்டவர்கள் இருப்பார்கள். விதி 51 இங்கேயும் அப்படியே இருக்கிறது. எதிரில் அதிகாரி முகம் இல்லாததால், ‘மாற்றம் எதுவும் இல்லை’ என்ற கட்டத்தில் டிக் போடும் விரல் கொஞ்சம் வேகமாகப் போய்விடக்கூடும் என்பது ஒன்றுதான் வித்தியாசம். அந்த மின்னஞ்சல் வரும்போது கனடாவுக்கு வெளியே, அக்கா கல்யாணத்துக்கு மதுரையில் உட்கார்ந்துகொண்டு, ‘உள்ளேதான் இருக்கிறேன்’ என்று பதில் போடுவதும் தவறான தகவல்தான்.

அட்டை வந்த பிறகு

பி.ஆர். அட்டை தபாலில், கனடிய முகவரிக்கு மட்டுமே வரும். இறங்கிய 180 நாளைக்குள் முகவரி தராவிட்டால், கட்டணம் கட்டிப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். இறங்கிவிட்டு உடனே ஊருக்குத் திரும்பி, வேலை வீடெல்லாம் ஒழுங்குசெய்துகொண்டு பிறகு குடிபோகிறவர்கள், ஒன்டாரியோவில் இருக்கும் சித்தப்பா வீட்டு முகவரியைக் கொடுத்துவிட்டு வருவார்கள். அட்டை இல்லாமல் விமானத்தில் திரும்ப ஏறுவதற்குத் தனிப் பயண ஆவணம் வேண்டும்.

ஏற்கெனவே அங்கே வேலை செய்தவருக்கு இன்னொரு சின்ன மாற்றம். தற்காலிகவாசிகளின் 9 இலக்க சமூகக் காப்பீட்டு எண் 9-ல் தொடங்கும், அதற்குக் காலாவதித் தேதியும் உண்டு. நிரந்தரவாசிக்கு வேறு எண் கிடைக்கும், அதற்குக் காலாவதி இல்லை. கனடாவின் உரிமைச் சாசனத்தின் 6-வது பிரிவுப்படி நிரந்தரவாசி எந்த மாகாணத்திலும் வசிக்கலாம், பிழைக்கலாம். ஒரு மாகாணத்தின் பரிந்துரையில் பி.ஆர். வாங்கியவர்கள் இறங்கிய மறுமாதமே டொராண்டோவுக்கு வண்டி ஏறுவதை மாகாணங்களால் அவ்வளவாகத் தடுக்க முடியாமல் போவதற்கும் இதுதான் காரணம். ஆனால் இறங்கும்போதே அந்த மாகாணத்தில் தங்கும் எண்ணம் இல்லையென்றால், அதிகாரியிடம் சொல்லும் பதில் சிக்கலாகும். நிரந்தரவாசிக்கு வாக்குரிமை மட்டும் கிடையாது.

நிரந்தரம் என்பதற்கும் நிபந்தனைகள் உண்டு. ஒவ்வொரு 5 ஆண்டிலும் 730 நாள்கள் கனடாவில் இருந்தாக வேண்டும். கனடியக் குடியுரிமை உள்ள கணவரோடோ மனைவியோடோ வெளிநாட்டில் சேர்ந்து வாழும் நாள்கள் இந்தக் கணக்கில் சேரும். அட்டையின் தேதி முடிந்துவிட்டதால் மட்டும் வசிப்புரிமை போய்விடாது, நாள் கணக்கு இடித்தால்தான் சிக்கல். குற்றத்துக்காக 6 மாதமோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை பெற்றவர், வெளியேற்ற உத்தரவை எதிர்த்து மேல்முறையீடு செய்யும் உரிமையை இழக்கிறார். 2013-க்கு முன் அந்த எல்லை 2 ஆண்டாக இருந்தது. வாசல் எத்தனை பேருக்குத் திறக்கும் என்பதும் மாறிக்கொண்டே இருக்கிறது. 2024-க்கு 4,85,000 என்று வைத்திருந்த இலக்கை, 2025-க்கு 3,95,000 ஆகவும் 2026-க்கு 3,80,000 ஆகவும் குறைத்தது அரசு.

கப்பலில் வந்த கணக்கு

‘லேண்டிங்’ என்பதன் கனத்தை நன்றாக அறிந்தவர்கள் ஈழத்தமிழர்கள். இலங்கையில் 1983 ஜூலை இனக்கலவரத்துக்குப் பிறகு வந்தவர்களுக்கு அது விமானநிலையத்துச் சில நிமிட வேலையாக இருக்கவில்லை. 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால், இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழர்களை மீனவர்கள் காப்பாற்றினார்கள். மேற்கு ஜெர்மனியிலிருந்து கிளம்பிய கப்பல் ஒன்று அவர்களைக் கடலில் இறக்கிவிட்டுப் போயிருந்தது. அப்போது அவர்களுக்குக் கிடைத்தது அமைச்சரின் ஓராண்டு அனுமதிதான். அகதிக் கோரிக்கையாளரை நேரில் விசாரிக்காமல் நிராகரிக்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் அதற்கு முந்தைய ஆண்டுதான் தீர்ப்பளித்திருந்தது. கோரிக்கைகள் குவிந்தன, விசாரணைகள் தேங்கின.

விசாரணையில் வென்று அகதி என்று ஏற்கப்பட்ட பிறகும் லேண்டிங் தனி விண்ணப்பம், தனிக் காத்திருப்பு. அடையாள ஆவணம் வேண்டும் என்ற விதி 1993-ல் வந்தது. எரிந்துபோன வீட்டில் பிறப்புச் சான்றிதழை விட்டு ஓடியவர்கள் அதற்கு எங்கே போவார்கள்? 1995-ல் வயது வந்தவர்களுக்குத் தலைக்கு 975 டாலர் ‘லேண்டிங் உரிமைக் கட்டணம்’ வந்தது. சீனர்கள் மீது 1885-ல் போட்ட தலைவரியோடு இதை ஒப்பிட்டுப் பலர் திட்டினார்கள். தொழிற்சாலைக் கூலியில் ஊருக்கும் அனுப்பிக்கொண்டிருந்த அகதிக் குடும்பங்களுக்கு இந்தக் கட்டணமே மாதக்கணக்கில் தாமதத்தை உண்டாக்கியது. 2000-ல் அகதிகளுக்கு விலக்குக் கிடைத்தது. மற்றவர்களுக்குப் பெயர் மாறி, 2006-ல் 490 ஆகக் குறைந்து, 2024-ல் 575 டாலராகத் திரும்ப ஏறியது. பி.ஆர். ஆகாமல் போனால் இந்தக் கட்டணத்தைத் திருப்பித் தந்துவிடுவார்கள் என்பது பலருக்குத் தெரியாது.

அந்தத் தலைமுறையிடம் பி.ஆர். அட்டை இருக்கவில்லை. அட்டை வந்ததே 2002 ஜூன் 28-ல், புதிய குடிவரவுச் சட்டத்தோடு. அதற்கு முன் ஐ.எம்.எம். 1000 என்ற லேண்டிங் பதிவுத் தாள்தான். 65 வயதில் முதியோர் ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்கும்போது, எப்போது வந்தீர்கள் என்பதற்குச் சாட்சியாக இன்றும் அந்தத் தாளைத் தேடுகிறார்கள். அந்த ஓய்வூதியத்துக்குக் குறைந்தது 10 ஆண்டு வசித்திருக்க வேண்டும், முழுத் தொகைக்கு 40 ஆண்டு.

இவர்களில் இன்னும் குடியுரிமை எடுக்காதவர்களுக்கு ஒரு சிக்கல் 2012 டிசம்பரில் சேர்ந்தது. அகதியாக ஏற்கப்பட்டு பி.ஆர். ஆனவர், பிறந்த நாட்டின் பாஸ்போர்ட்டை எடுத்து அந்த நாட்டுக்கே போய்வந்தால், பாதுகாப்புத் தேவையில்லை என்று அவர் தானே காட்டிவிட்டதாக அரசு வாதிடலாம். அகதி நிலை ரத்தாகும். 2012-க்குப் பிறகு, அதனோடு நிரந்தர வசிப்புரிமையும் சேர்ந்து போகும். முன்பு அப்படி இல்லை. நல்லூர்த் திருவிழாவுக்கோ, அம்மாவின் செத்தவீட்டுக்கோ கொழும்பு விமானம் ஏறியவர்கள் இந்த விதியை யோசித்திருப்பார்களா? அது தெரியாமல் போனாரா, என்ன காரணத்துக்காகப் போனார், அங்கே என்ன முன்னெச்சரிக்கையோடு இருந்தார் என்பதையெல்லாம் கணக்கில் எடுக்க வேண்டும் என்று 2022-ல் ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அதனால் விதி போய்விடவில்லை. குடியுரிமை பெற்றவரை இது தொடாது. 5 ஆண்டில் 1,095 நாள் வசித்தால் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். அதை எடுத்துவிட்டு, கனடியப் பாஸ்போர்ட் கைக்கு வந்த பிறகு டிக்கெட் போடுங்கள் என்றுதான் இந்த வழக்குகளை நடத்தும் வக்கீல்கள் சொல்கிறார்கள்.